எற்ச் தகடு அடம்பிடித்தால் எங்கே பார்ப்பது?

ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பிஸ்கற் ரின்களோடு பெடியள் வருவார்கள். ரின்னுக்குள் பஞ்சு விரித்து, அதன்மேல் பாதி கட்டிய பிளாஸ்ரிக் விமான மொடல் ஒன்று, ஒரு ஸ்பிற்பயரோ சீரோவோ, படுத்திருக்கும். பக்கத்தில் தாளில் மடித்த பித்தளைத் துண்டுகள். எற்ச் தகடு என்பது இதுதான்: மொடலின் சின்னச் சின்ன உறுப்புகளுக்காக இரசாயனத்தால் அரித்து எடுத்த மெல்லிய உலோகத் தகடு. முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, இந்தச் சுப்பர் குளூ சரியில்லை." பசை உண்மையிலேயே பழுதாக இருந்த தடவைகளை விரல் விட்டு எண்ணலாம். பசைப் போத்தலைத் திறப்பதற்கு முன்பே பிழை நடந்து முடிந்திருக்கும்.

கீழே உள்ளதை முதலில் இருந்து கடைசிவரை வாசிக்க வேண்டியதில்லை. உங்கள் துண்டு என்ன கூத்துக் காட்டுகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கடைக்கு ஓட வைக்கும் காரணம் பிறகு வரும். எங்களுக்குக் கிற்றும் (மொடல் கட்டும் பிளாஸ்ரிக் துண்டுகள் உள்ள பெட்டி) தகடும் லண்டன் மாமா, கனடாச் சித்தி ஆட்களின் சூட்கேசில்தான் வந்து சேர்கின்றன. ஒரு துண்டைக் கெடுத்தால் அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு ஆராவது வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவசரம் வேண்டாம்.

எதற்கும் முன், தகட்டின் நிறம்

மஞ்சள் என்றால் பித்தளை. வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று நிக்கல் சில்வர். பேரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் நாகமும். மற்றது எவர்சில்வர். சந்தேகமாக இருந்தால் துண்டுகளைச் சுற்றியிருக்கும் வெறும் சட்டத்தின் ஒரு மூலையை வளைத்துப் பாருங்கள். வளைத்தபடி நின்றால் பித்தளையோ நிக்கல் சில்வரோ. வில்லுப்போலத் திரும்பி வந்தால் எவர்சில்வர். மேலே நிறம் அச்சிட்டு வந்த தகடு என்றால் அது எந்த உலோகமாக இருந்தாலும் நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான் பிறகு முறிந்த துண்டோடு வருகிறார்கள்.

ஒட்டிய துண்டு கழன்று விழுகிறது

விழுந்த துண்டை எறியாமல் சாமணத்தால் எடுத்துக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிழை எங்கே என்பது அங்கே தெரியும்.

*அடிப்பக்கம் ஒன்றும் ஒட்டாமல் பளிச்சென்று இருக்கிறதா?* முதல் கேள்வி, எந்தப் பசை? கிற்றோடு பாவிக்கிற பிளாஸ்ரிக் பசை உலோகத்தைப் பிடிக்காது. அது பிளாஸ்ரிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கிற சாமான். பித்தளையில் அதற்குக் கரைக்க ஒன்றும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களில் அரைவாசிப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சுப்பர் குளூதான் பாவித்தீர்கள் என்றால் அடுத்தது எண்ணெய். தகடு வரும்போதே அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். விரலால் தொட்டால் உங்கள் வியர்வையும் சேரும். யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் ஆருடைய விரல்தான் காய்ந்திருக்கும்? சட்டத்தில் இருந்து வெட்டுவதற்கு முன்பே முழுத் தகட்டையும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டு மெல்லக் கழுவி, காய்ந்தபின் கையால் தொடாமல் வையுங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் உலோகம் மிக வழுவழுப்பாக இருக்கிறது. வினாகிரிக்குள் ஒரு அரை மணித்தியாலம் போட்டு எடுத்துக் கழுவினால் பித்தளையின் பளபளப்பு மங்கிச் சற்றுச் சொரசொரப்பு வரும். அச்சிட்ட தகட்டுக்கு இதையும் செய்யாதீர்கள். அதற்கு அடிப்பக்கத்தை மட்டும் நுண்ணிய அரத்தாளில் ஒருதரம் இழுத்தால் போதும்.

*பெயின்ற் படையோடு உரிந்து வந்திருக்கிறதா?* பசையில் குற்றம் இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நீங்கள் துண்டை ஒட்டியது பெயின்ற்றில், பிளாஸ்ரிக்கில் அல்ல. ஒட்டும் இடத்தில் மட்டும் கட்டர் நுனியால் பெயின்ற்றைச் சுரண்டி, பிளாஸ்ரிக் தெரிந்தபின் ஒட்டுங்கள்.

*வெள்ளைச் செதில் செதிலாகக் காய்ந்த பசை இருக்கிறதா?* இதற்கு மூன்று காரணம். பசை அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கும், அல்லது பிடிக்கத் தொடங்கிய பிறகு "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று நகர்த்தியிருப்பீர்கள், அல்லது பசை கிழண்டிவிட்டது. முதல் இரண்டுக்கும் மருந்து ஈர்க்கு. பழைய மாஜரின் மூடியில் ஒரு சொட்டுப் பசை விட்டு, தும்புத்தடியில் இருந்து அல்ல, புதுத் தென்னோலையில் கிழித்த ஈர்க்கின் நுனியைச் சரிவாகச் சீவி, அதில் தொட்டு எடுங்கள். முதலில் துண்டைப் பசையில்லாமல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, இருப்பு சரியென்று மனம் ஒத்துக்கொண்டபின், தண்ணிபோல ஓடுகிற மெல்லிய சுப்பர் குளூவை அதன் ஓரத்தில் தொட்டுவிட்டால் பசை தானாக உள்ளே ஊர்ந்துபோகும். அசைத்து அசைத்து நேராக்க வேண்டிய துண்டு என்றால் மெல்லிய பசை வேண்டாம், ஜெல் வகை எடுங்கள். அது கொஞ்சம் பொறுத்திருக்கும்.

கிழண்டிய பசையைக் கண்டுபிடிப்பது சுகம். ஈர்க்கை உயர்த்தினால் தேன்போல நூலிழுக்கும். சுப்பர் குளூவை இறுக வைப்பதே காற்றில் உள்ள ஈரம், எங்கள் ஊர்க் காற்றில் அதற்குக் குறைவில்லை. போத்தலை மூடி, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ஜாமுக்குப்பியில் இட்டுப் பிறிஜ்ஜில் வையுங்கள். எடுத்த உடனே திறந்தால் குளிர்ப் போத்தலுக்குள் ஈரம் படியும். அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும்.

*ஓரத்தில் நிற்கிற துண்டா?* சிறகின் கீழ்த் தொங்கும் சிறு பிடி, செங்குத்தாக நிற்கிற தகடு போன்றவை அடிப்பரப்பே இல்லாமல் 0.15 மில்லிமீற்றர் விளிம்பில் நிற்கின்றன. நல்ல பசையும் அங்கே கனகாலம் தாங்காது. கட்டர் நுனியால் பிளாஸ்ரிக்கில் ஒரு மெல்லிய வெட்டுப் போட்டு, துண்டை அதற்குள் செருகி ஒட்டுங்கள்.

உலோகத்தோடு உலோகம் சேரும் பெட்டிகள் மட்டும் திரும்பத் திரும்பப் பிரிந்தால், அதற்குப் பசை தேடித் திரியாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதுவும் மொடலில் இருந்து கழற்றி வெளியே வைத்துத்தான், ஏனென்றால் கிற்றின் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 100 பாகையிலேயே இளகிவிடும், சாதாரண ஈயக்கம்பி உருகவோ 183 பாகைக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே சுப்பர் குளூ பூசிய துண்டில் சூடு வைக்க வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. இந்த வேலைக்கு ஆரிடம் போவது என்பதில் நான் ஒருமுறை அவமானப்பட்டேன், அதைக் கீழே சொல்கிறேன்.

மடிக்கும் இடத்தில் முறிகிறது, அல்லது கோணுகிறது

முறிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பக்கம். மடிக்கும் கோடு அரைத் தடிப்புக்கு அரிக்கப்பட்டிருக்கும். வழிமுறைத் தாள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வரவேண்டும். வெளிப்பக்கமாக மடித்தால் முறியும், அல்லது மூலை உருண்டையாக வரும். அடுத்த காரணம் உங்கள் மனம் மாறுவது. ஒருதரம் மடித்து, "இல்லை, மற்றப்பக்கம்" என்று நிமிர்த்தி, திரும்ப மடித்தால், மூன்றாந்தரம் துண்டு இரண்டாகிக் கையில் வரும். பித்தளையை நிமிர்த்துவது ஒரு தடவைக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை.

கோணினால் குற்றம் கருவியில். விரலாலும் சாமணத்தாலும் நீளமான மடிப்பு நேராக வராது. மடிக்கிற கருவி என்று விற்கிறார்கள், நல்ல சாமான்தான், ஆனால் அதை வாங்காமலே கனகாலம் சமாளிக்கலாம். சமையலறைக்குப் பதித்து மிஞ்சிய ரைல்ஸ் துண்டு ஒன்று, இரும்பு அடிமட்டம் ஒன்று, அகலமான சவர பிளேற் ஒன்று. தகட்டை ரைல்ஸில் வைத்து, மடிப்புக் கோட்டின் மேல் அடிமட்டத்தின் ஓரம் சரியாக வரும்படி அமத்திப் பிடித்து, பிளேற்றைத் துண்டின் அடியால் முழு நீளத்துக்கும் செருகி ஒரே மூச்சில் உயர்த்துங்கள். பகுதி பகுதியாக உயர்த்தினால் தகடு வாழையிலை மாதிரி நெளியும்.

பல பக்கம் உள்ள பெட்டியில் ஒழுங்கு முக்கியம். சின்ன மடிப்புகளை, நடுவில் இருப்பவற்றை முதலில் முடியுங்கள். வெளிச்சுவரை முதலில் உயர்த்திவிட்டால் உள்ளே பிளேற் போக இடம் இராது. இதைத் தாளில் ஒருதரம் பழகிப் பார்ப்பது வெட்கமான காரியம் இல்லை. நான் இன்றைக்கும் கொப்பித் தாளில் வெட்டி மடித்துப் பார்த்துவிட்டுத்தான் தகட்டில் கை வைப்பேன்.

முறிந்து போனதை என்ன செய்வது? வெளியே தெரியும் பக்கம் நேராக இருந்தால் உட்பக்க மூலையில் ஜெல் பசையை ஈர்க்கால் இழுத்துவிட்டுக் காயவிடுங்கள். பெயின்ற் அடித்தபின் ஆருக்கும் தெரியாது. சிறகின் பின்னோரத்தில் இறங்கி ஏறும் பிளப்ஸ் மாதிரி நிறைய விலா எலும்புள்ள பெரிய துண்டு முறிந்தால்தான் பற்றவைக்கிற ஆளைத் தேட வேண்டும்.

சீற் பெல்ற் தகரம் மாதிரி விறைத்து நிற்கிறது

இந்தப் பிரச்சினையோடு வந்தவர்கள்தான் கூட. போன மழைக்காலத்தில் ஒரு தம்பி 1/48 அளவு (நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) ஹரிக்கேன் போர் விமானம் ஒன்று கொண்டுவந்தான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டபோது சீனன்குடாவில் இருந்து எழும்பிய பிரித்தானிய விமானப்படையின் 261ஆம் ஸ்குவாட்ரனின் விமானமாக அதைக் கட்டவேண்டும் என்பது அவன் ஆசை. எல்லாம் வடிவாக இருந்தது, விமானியின் இருக்கையைத் தவிர. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு வாரும் இருக்கையில் இருந்து நெருஞ்சிமுள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. துணி வார் தன் பாரத்தில் தொய்ந்து கிடக்கும். பித்தளைக்கு அந்தப் புத்தி இல்லை. நாங்கள்தான் தொய்ய வைக்க வேண்டும்.

செலவில்லாத வழி, ஒட்டுவதற்கு முன் வளைத்தல். வாரைச் சுட்டுவிரலின் மெத்தையில் வைத்து, பெயின்ற் தூரிகையின் உருண்டைக் காம்பால் அமத்தி உருட்டினால் மெல்ல வளையும். பிறகு இருக்கையின் விளிம்பில் வைத்து ஈர்க்கால் உள்ளே தள்ளிவிடுங்கள். நேரான வார் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒன்று முறுகியும் ஒன்று பின்பக்கம் விழுந்தும் கிடந்தால்தான் ஆரோ இப்போது இறங்கிப் போனது மாதிரி இருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் பித்தளையைக் காய்ச்சி இளக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் மெழுகுதிரியைத் தேடுவார்கள். மெழுகுதிரி கரி பூசும். காஸ் அடுப்பின் நீலச் சுவாலை நல்லது. சாமணத்தால் பிடித்து, சுவாலையின் ஓரத்தால் ஒருதரம் இழுத்து, நிறம் மாறி மங்கிய சிவப்புத் தட்டியவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். 0.1 மில்லிமீற்றர் தகடு. ஒரு நொடி கூடினால் உருகி மணியாகிவிடும். முதலில் வெறும் சட்டத்தில் இரண்டு மூன்று தடவை பழகுங்கள். காய்ச்சியதால் வந்த கறுப்பு வினாகிரியில் போய்விடும். எவர்சில்வர் இந்த வைத்தியத்துக்கு இணங்காது. செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் நிறம் அச்சிட்டு விற்கும் உருக்கு வார்கள் மிக மெல்லிசு என்பதால் அவற்றுக்கு இது தேவையும் இல்லை, கையாலேயே தொய்யும்.

அந்தத் தம்பி ஒரு வாரை ஏற்கெனவே வீட்டில் உருக்கிவிட்டிருந்தான். மிஞ்சிய மூன்றையும் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணக் கன்னாதிட்டியில் எனக்குத் தெரிந்த, நகை செய்கிற ஒரு பத்தர் இருக்கிறார். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தீப்பெட்டிக்குள் இருந்ததை அவர் உள்ளங்கையில் கொட்டி, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, உந்தச் சின்னன் ஆற்ற கழுத்துக்கு?"

"கழுத்துக்கு இல்லை ஐயா, பிளேனுக்கு. பெல்ற்."

"பிளேனுக்கோ?" என்று இன்னொருதரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. கரிக்கட்டைத் துண்டின்மேல் மூன்று வாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊதுகுழலால் சுவாலையைச் சாய்த்து, அதன் நுனியால் சுற்றியிருந்த கரியை ஒருதரம் தடவிக் கொடுத்தார். குழந்தையின் முகத்தில் ஊதுகிற அளவு மூச்சுத்தான். நேரே சூடு படவில்லை. கரியில் பட்டுத் தெறித்த சூட்டில் பித்தளை சிவந்து அடங்கியது. சாமணத்தால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். நனைத்த நூல்போலத் துவண்டது. தம்பியின் வாய் திறந்தபடி இருந்தது.

நான் அந்த நேரத்தில்தான் வாயைக் கொடுத்தேன். பையில் இருந்த பிளப்ஸ் துண்டை எடுத்து, "ஐயா, இதையும் கொஞ்சம் ஈயம் வைச்சுப் பிடிச்சுத் தருவீங்களோ?" என்றேன். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். "ஈயத்தை என்ர பட்டறைக்குள்ள கொண்டு வராதையும். ஒரு துளி பவுனுக்க போச்செண்டா பொன் முழுக்க வெடிக்கும்." உண்மைதான். ஈயம் கலந்த பொன் நொறுங்கும், அடித்தால் பிளக்கும். பத்தர்கள் நகையைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவது வேறு, அதற்கு இந்தத் தகட்டுக்கு மிஞ்சிய சூடு வேண்டும்.

அன்றிலிருந்து கணக்குத் தெளிவு. காய்ச்சி இளக்குவதும், கோணிய பித்தளையைத் தட்டி நேராக்குவதும் பத்தருக்கு. ஈயப்பற்றுக்குப் போன் திருத்துகிற கடை. அங்கே மைக்ரோஸ்கோப், நுனி கூரான சூட்டுக்கோல், ஈயம் பிடிக்க உதவும் பிளக்ஸ் எல்லாம் ஏற்கெனவே மேசையில் இருக்கும். துண்டை மடித்து, பூட்டி, ஈரத் தாளில் சுற்றி மற்ற மூலைகளைக் காத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த விளிம்பில் ஈயம் வேண்டும் என்று பேனையால் குறித்துக் கொடுக்காவிட்டால் எல்லா விளிம்பிலும் வைத்துத் தருவார்கள்.

எல்லாம் ஒட்டியாயிற்று, இப்போது உடல் மூடவில்லை

விமானத்தின் இரண்டு பாதியையும் சேர்த்தால் நடுவில் ஒரு நகக்கண் அளவு பிளவு. அமத்தினால் மூடும், விட்டால் திறக்கும். மாஸ்கிங் ரேப்பால் கட்டி, பசையை ஊற்றி மூடிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி மூடிய விமானங்களின் முதுகு ஆறு மாதத்தில் வெடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பென்சில் போதும். மெதுவான 4பி பென்சிலால் உலோகத்தின் மேடான இடங்களில் எல்லாம் பூசி, உடலை மெல்ல மூடித் திறவுங்கள். பிளாஸ்ரிக்கின் உள்ளே எங்கே கறுப்புப் பட்டிருக்கிறதோ அதுதான் எதிரி.

காரணங்களில் மலிவானது, சீவ மறந்த பிளாஸ்ரிக். எற்ச் தகட்டின் வழிமுறைத் தாளில் சில இடங்கள் வேறு நிறத்திலோ கோடு போட்டோ காட்டப்பட்டிருக்கும். கிற்றில் ஏற்கெனவே வார்த்திருக்கும் மேடுகளை அங்கே மட்டமாகச் சீவு என்று அர்த்தம். பெடியள் அந்தப் படத்தை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சீவாமல் மேலே தகட்டை ஒட்டினால் கண்ணாடி போட்ட மூக்கில் இன்னொரு கண்ணாடி போட்ட மாதிரி.

அடுத்தது தடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வது. கொக்பிற்றின், அதாவது விமானி இருக்கும் அறையின், டயல் பலகை இரண்டு படையாக வரும், ஒவ்வொன்றும் 0.15 என்று வைத்தாலும் 0.3 மில்லிமீற்றர், அதோடு பசை. பக்கச் சுவரிலும் அப்படியே செய்தால் இரு பக்கமும் சேர்ந்து 0.6. அந்த இடத்தில் 0.6 மில்லிமீற்றர் ஒரு மதில். உடலின் உட்பக்கப் பிளாஸ்ரிக்கை, வெளியே தெரியாத இடத்தில், அரத்தாளால் தேய்த்து மெலிதாக்குங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் பிளாஸ்ரிக் ஒளி கசிகிற அளவு மெலிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் தகட்டின் பொதியைத் திருப்பி வாசியுங்கள். எந்தக் கிற்றுக்கு என்று அதில் எழுதியிருக்கும். ஒரே ஹரிக்கேன், ஒரே 1/48 என்றாலும் ஒரு கம்பனியின் கிற்றுக்குச் செய்த தகடு இன்னொரு கம்பனியின் கொக்பிற்றுக்குப் பொருந்தும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. கனடாவில் கடைக்குப் போன சித்திக்கு இது எப்படித் தெரியும்? பட்டியல் எழுதிக் கொடுக்கும்போது கிற்றின் பெட்டி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பிழையான தகடுதான் வந்துவிட்டது என்றால் வார்களையும் டயல் பலகையையும் மட்டும் எடுத்துப் பாவியுங்கள். மற்றவற்றை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. விமானியின் தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூட்டை மூடியபடி ஒட்டப் போகிறீர்கள் என்றால் பக்கச் சுவர்த் தகடுகளே வேண்டாம். 1/72இல் கட்டாயம் வேண்டாம். அதேபோலக் குழாய், கைப்பிடி, நெம்பு மாதிரி உருண்டையாக இருக்க வேண்டியவற்றைத் தட்டையான தகட்டில் செய்து தந்திருப்பார்கள்; பெயின்ற் அடித்தாலும் அவை தட்டைதான். பழுதான சார்ஜர் வயரை உரித்தால் தலைமயிர் தடிப்பில் செப்புக் கம்பி கிடைக்கும். அதை வளைத்து ஒட்டுங்கள்.

கண்ணாடிக் கூட்டில் வெள்ளை பூத்திருக்கிறது

நான் பட்ட பாடு இது. 1947 டிசெம்பர் 10இல் இலங்கையின் அந்நாளைய விமானக் கம்பனியான எயார் சிலோனின் முதற்பயணம் இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது, டக்கோற்றா விமானத்தில். அந்தக் கம்பனியின் டக்கோற்றாக்களில் ஒன்றுக்குச் சீதாதேவி என்று பெயர். அதை 1/72இல் கட்டினேன். கொக்பிற்றில் எற்ச் துண்டுகளை ஒட்டிய அன்றிரவே கண்ணாடியையும் மூடிவிட்டேன். விடியப் பார்த்தால் ஜன்னல்கள் எல்லாம் மார்கழிப் பனி மூடினதுபோல இருந்தன.

சுப்பர் குளூ காயும்போது விடுகிற ஆவி, போக வழியில்லாமல், கண்ணாடியில் படிந்து வெளுக்கிறது. ஈரக்காற்றில் இது கூடுதல் என்பது என் அனுபவம். ஐப்பசி, கார்த்திகையில் நான் இரட்டிப்புக் கவனம். ஆகவே முதல் சோதனை உங்கள் பொறுமை: உலோகம் ஒட்டியபின் ஒரு முழு நாளாவது திறந்து காற்றுப்பட வைத்தீர்களா? இரண்டாவது, கண்ணாடியை எதனால் ஒட்டினீர்கள்? அதற்குச் சுப்பர் குளூ கூடவே கூடாது, தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். அது காய்ந்தால் தெளிவாகும், பிழைத்தால் ஈரத் துணியால் துடைக்கலாம்.

பூத்தது வெளிப்பக்கம் என்றால் பற்பசை தொட்ட மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்து, கழுவி, மேலே பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷ் ஒரு படை பூசுங்கள். மெல்லிய வெண்மையை வார்னிஷே விழுங்கிவிடும். உட்பக்கம் என்றால் கூட்டைக் கழற்ற வேண்டும். மொடலை ஒரு பையில் கட்டி ஒரு மணித்தியாலம் பிறீசரில் வைத்தால் சுப்பர் குளூ நொறுங்கும் பதத்துக்கு வரும், பிளேற் நுனியால் மெல்ல நெம்பலாம். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். பசையைக் கரைக்க முன் விமானத்தைக் கரைத்துவிடும். கழற்றும்போது கண்ணாடி வெடித்தால் புதுக் கூடு வாங்குவதைத் தவிர வழியில்லை. என் சீதாதேவியின் ஜன்னல்களுக்குப் பின்னால் இன்றும் பனிதான்.

பெயின்ற் அடித்தால் உரிகிறது

கழுவவில்லை, அல்லது பிறைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்கவில்லை. வேறு காரணம் அரிது. உலோகத்துக்கென்று உள்ள பிறைமர் ஒரு மெல்லிய படை போதும். மோட்டார் வாகனப் பெயின்ற் கடையில் வாங்கிய ஸ்பிறே என்றால் முதலில் கிற்றின் மிச்சப் பிளாஸ்ரிக்கில் அடித்துப் பாருங்கள், சில வகை பிளாஸ்ரிக்கை அரிக்கும். மடித்து முடித்தபின் பெயின்ற் அடியுங்கள். அடித்தபின் மடித்தால் மூலைகளில் உரியத்தான் செய்யும்.

விரல் ஒட்டிக்கொண்டது, கண்ணில் பட்டது

விரல் என்றால் பயம் இல்லை. சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டு ஊறவைத்து, உருட்டி உருட்டிப் பிரியுங்கள், இழுக்காதீர்கள். ஊற்றுப்பட்ட பசையைப் பஞ்சால் துடைக்க வேண்டாம். சுப்பர் குளூவும் பஞ்சும் சேர்ந்தால் சுடும், புகையும். கண்ணில் பசையோ வெட்டும்போது தெறித்த உலோகமோ பட்டால் வீட்டு வைத்தியம் ஒன்றும் இல்லை. தேய்க்காமல், நோண்டாமல், உடனே ஆஸ்பத்திரி. துண்டைச் சட்டத்தில் இருந்து வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

துண்டைக் காணவில்லை

முதலில் அசையாதீர்கள். மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லி ஆரையாவது கூப்பிடுங்கள். மேசை, மடி, சட்டைக் கை, பிறகு சாமணத்தின் நுனி; அரைவாசித் தடவை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் தேடி ஓடாதீர்கள், பித்தளை காந்தத்துக்கு வராது. அறையை இருட்டாக்கி ரோச் லைற்றைச் சீமெந்துத் தரையில் படுக்கவைத்து மெல்ல உருட்டினால், பித்தளை ஒரு இடத்தில் மின்னும், அதன் நிழல் அதைவிட நீளமாகத் தெரியும். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் கூட்டி ஒரு வெள்ளைத் தாளில் அள்ளிப் பாருங்கள்.

அடுத்தமுறை பறக்காமல் இருக்க: துண்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் காம்பை வெட்டும் பாய் மெத்தென்று இருந்தால் தகடு நெளிந்து தெறிக்கும். ரைல்ஸில் வைத்து, துண்டின்மேல் ஒரு விரலோ செலோரேப்போ இருக்க, புது பிளேற்றால் நேரே கீழே அமத்தி வெட்டுங்கள்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால், சட்டத்தை எறியவில்லைத்தானே? அதே உலோகம், அதே தடிப்பு. தொலைந்த துண்டுக்கு இணையான மற்றப்பக்கத் துண்டை அதன்மேல் வைத்து ஊசியால் கோடு கீறி, கத்தரிக்கோலால் வெட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்தால் ஒரு வார் அரை மணித்தியாலத்தில் தயார். தம்பி உருக்கிய அந்த நாலாவது வாரை அப்படித்தான் செய்தோம். இருக்கையின் இடப்பக்கத்தில் கிடக்கிறது.